ஊமைக்காயத்துக்கு ஒரு பாடம் வேண்டும்

அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேடுகளில் அடிக்கடி இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு: ‘வெளிக்காயம் ஏதும் காணப்படவில்லை.’ எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால், கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணுக்கும், காவல் நிலையத்திலிருந்து அழைத்துவரப்பட்ட இளைஞனுக்கும், பள்ளியில் பிரம்படி பட்ட சிறுவனுக்கும் அந்த ஒரு வரி வழக்கின் போக்கையே மாற்றிவிடக்கூடியது. அதற்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. காயம் இல்லை என்பது ஒன்று. பார்த்தவரின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. எழுதியவர் இரண்டாவதைக் கருதியிருக்கலாம். வாசிப்பவர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் முதலாவதையே.

தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்த இடைவெளிக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஊமைக்காயம். தோல் கிழியாமல், ரத்தம் சிந்தாமல், உள்ளே மட்டும் நொறுங்கி வலிக்கும் அடியை மக்கள் அப்படி அழைக்கிறார்கள். காயம் இருக்கிறது, அதற்குப் பேச்சு இல்லை, அவ்வளவுதான் என்ற தெளிவு அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இந்தியாவின் மருத்துவ வகுப்பறைகளிலும் முதலுதவிப் பயிற்சிகளிலும் அந்தத் தெளிவு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இந்நாட்டில் பெரும்பாலோரின் தோல் மாநிறமும் கருநிறமும் கொண்டது. ஆனால், தோலடிக் காயங்களை அறியக் கற்பிக்கப்படும் அடையாளங்களில் முதன்மையானவை வெளிர்தோலின் மீது எழும் நிறமாற்றங்கள். இந்தப் பொருத்தமின்மையை ஒரு கல்விக் குறைபாடாக மட்டும் கருத இயலாது. சிகிச்சையிலும் நீதியிலும் இதற்கு விலை கொடுக்கப்படுகிறது.

தோலின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். மேல்தோல், உள்தோல், அதற்கடியில் கொழுப்புப் படலம் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் பகுப்பு. மேல்தோலில் ரத்தநாளங்கள் இல்லை. அதன் அடியடுக்கில் மெலனோசைட்டுகள் என்னும் நிறமிச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. அவை மெலனின் நிறைந்த நுண்பைகளைத் தயாரித்து, ஏறத்தாழ 36 அண்டைச் செல்களுக்கு வீதம் பகிர்ந்தளிக்கின்றன. வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் இந்த நிறமிச் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபடுவது நுண்பைகளின் அளவு, எண்ணிக்கை, அவை பரவியிருக்கும் விதம் ஆகியவையே. எனவே மனிதரின் நிறம் என்பது மேல்தோல் என்னும் மெல்லிய திரையோடு முடிந்துவிடுகிறது. தீக்காயத்தில் அத்திரை உரிந்துபோன இடத்தில் எந்த நிறத்தவருக்கும் உள்தோல் இளஞ்சிவப்பாகவே தெரியும்.

ரத்தக்கட்டு நிகழ்வது அந்தத் திரைக்கு அடியில். மொண்ணையான பொருள் தாக்கும்போது தோலின் மேற்பரப்பு சிதையாமலே உள்ளிருக்கும் நுண்நாளங்கள் உடைகின்றன. ரத்தம் திசுக்களுக்குள் கசிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அது தெரிய வேண்டுமானால், ஒளி மேல்தோலைக் கடந்து உள்ளே சென்று, கசிந்த ரத்தத்தில் பட்டு, மீண்டும் மேல்தோலைக் கடந்து வெளியே வர வேண்டும். மெலனின் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. ஒரே அளவான அடியும் ஒரே அளவான கசிவும் வெளிர்தோலில் நீலமாகத் துலங்குவதும், கருந்தோலில் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே அடர்ந்த நிழலாக மட்டும் நிற்பதும் இதனால்தான். அடியின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பின்னணியில் நோயியல் பாடத்தின் முதல் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். அழற்சியின் அடையாளங்கள் நான்கு என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார்: சிவத்தல், வீங்குதல், வெப்பம், வலி. செயலிழப்பு என்ற ஐந்தாவது பின்னர் சேர்க்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுகளாக மாணவர்கள் அந்த வரிசையிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். வரிசையின் தலையில் நிற்கும் சிவத்தல் ஒன்றுதான் தோலின் நிறத்தைச் சார்ந்தது. மாநிறத் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, சாம்பல் படர்ந்த பழுப்பாகவோ தோன்றும். கருநிறத் தோலில் தோன்றாமலும் போகும். எஞ்சியவை எந்த நிறத்தவரிடமும் ஒன்றுபோலவே செயல்படுகின்றன. அவற்றை அறிய விரல்நுனியும், புறங்கையும், பொறுமையாகக் கேட்கும் காதும் போதும். ஆயினும் பரிசோதனை என்றவுடன் முதலில் ‘பார்’ என்றும், பார்த்ததில் ஒன்றுமில்லையெனில் அத்தோடு முடிந்தது என்றும் பழகிவிட்டோம். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் தொட்டுப் பார்ப்பதற்கான நேரம்தான் முதலில் பலியாகிறது.

தடய மருத்துவத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. ரத்தக்கட்டின் வயதைக் கணிக்க ஒரு நிற அட்டவணை கற்பிக்கப்படுகிறது: தொடக்கத்தில் சிவப்பு, பின்னர் நீலம், நான்காம் நாளளவில் பழுப்பு, அடுத்து பச்சை, ஏழாம் நாளுக்குப் பின் மஞ்சள், இரண்டு வாரத்தில் இயல்பு நிறம். ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டினாகவும் பிலிருபினாகவும் மாறும் வேதியியல் உண்மையானதே. அதை நாள்காட்டியாக்குவதில்தான் பிழை. 1991-இல் லாங்லாய்ஸ், கிரெஷாம் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: மஞ்சள் தெரிந்தால் காயத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் வயதாகிவிட்டது. மற்ற நிறங்கள் ஏறத்தாழ எந்தக் கட்டத்திலும் காணப்படலாம். மஞ்சளை உணரும் திறன்கூட பார்ப்பவருக்குப் பார்ப்பவர் வேறுபடுகிறது, வயதாக ஆகக் குறைகிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. வெளிர்தோலிலேயே தடுமாறும் இந்த அட்டவணையை, மஞ்சளும் பச்சையும் பிரித்தறியவே இயலாத தோலின் மீது வைத்து, சம்பவ நாளோடு காயத்தின் வயது பொருந்தவில்லை என்று சாட்சி சொல்வது எத்தனை பெரிய தவறு என்பதை விளக்கத் தேவையில்லை.

நிறம் மட்டுமா ஏமாற்றுகிறது? இடமும் ஏமாற்றும். தசையின் ஆழத்தில் கசிந்த ரத்தம் மேலே வந்து தெரிய ஓரிரு நாட்கள் ஆகலாம். புவியீர்ப்பில் அது கீழிறங்கவும் செய்யும். நெற்றியில் பட்ட அடி கண்ணைச் சுற்றிக் கறுக்கும். தொடையில் பட்டது முழங்காலருகே தெரியும். இமையைச் சுற்றியுள்ள தளர்ந்த திசுவில் எளிதாகக் கன்றும். உள்ளங்கால் போன்ற தடித்த, இறுக்கமான தோலில் அவ்வாறு கன்றுவதில்லை. உள்ளங்காலில் அடிப்பது உலகெங்கும் காவல் சித்திரவதையின் பழைய உத்தியாக இருந்து வருவது தற்செயல் இல்லை.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. இந்தியக் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கும். நிறமிச் செல்கள் உள்தோலில் தங்கிவிடுவதால் உண்டாகும், தீங்கற்ற இத்திட்டுகளை, மேலைநாடுகளில் அடிபட்ட தழும்பாகக் கருதிப் பெற்றோரை ஐயுற்ற நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. தொட்டால் வலிக்காது, நாட்கள் கடந்தும் நிறம் மாறாது என்ற இரண்டே குறிப்புகள் இந்த ஐயத்தைத் தீர்க்கும். ஒரே தோல், உள்ள காயத்தை மறைக்கவும் இல்லாத காயத்தைக் காட்டவும் கூடியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இந்தியத் தடய மருத்துவப் பாடநூல்கள் உள்நாட்டு நிலைமைகளை அறியாதவை என்று சொல்லிவிட முடியாது. பொய்க் காயம் பற்றி அவை கொண்டிருக்கும் அறிவு வியக்கத்தக்கது. சேங்கொட்டையின் சாற்றையோ, எருக்கம்பாலையோ, கொடிவேலியின் வேரையோ தோலில் தேய்த்து ரத்தக்கட்டு போன்ற தோற்றத்தை உண்டாக்கி, எதிரி மீது பொய் வழக்கு தொடுப்பவர்களைக் கண்டறிய அந்நூல்கள் பலவற்றில் தனி அட்டவணையே இருக்கிறது. அரிப்பு உண்டா, கொப்புளம் உண்டா, சொறிந்த விரலிலும் கறை உண்டா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க அது கற்றுத்தருகிறது. பயனுள்ள அறிவுதான். ஆனால், கருத்த தோலில் உண்மையான ரத்தக்கட்டு தெளிவாகத் தெரியாது என்ற செய்தி பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. தெரியாதபோது என்ன செய்வது, எப்படித் தேடுவது, எந்தச் சொற்களில் பதிவு செய்வது என்பதற்கு அதே விரிவான அட்டவணை எங்கே? பொய் சொல்லும் காயத்தைப் பிடிக்க இத்தனை ஏற்பாடு; பேச முடியாத காயத்துக்கு ஒரு வரி. புகார் கொடுப்பவரை முதலில் ஐயுறுவது என்ற பழைய மனநிலை பாடத்திட்டத்துக்குள் எப்படிக் குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டம் இதைவிடத் தாராளமானது என்பதே விந்தை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 319-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 114-ஆம் பிரிவாகத் தொடரும் வரையறையின்படி, ஒருவருக்கு உடல்வலியை உண்டாக்குவதே ‘காயப்படுத்துதல்’ ஆகும். தழும்பு தெரிய வேண்டும் என்று அது கேட்கவில்லை. டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு, கைதாகும்போது உடலிலுள்ள சிறிய, பெரிய காயங்களைக் குறித்துவைக்கவும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்யவும் பணித்தது. முதல் நாள் தெரியாத ஆழ்ந்த ரத்தக்கட்டு இரண்டாம் நாள் மேலே வரலாம் என்ற உடலியலோடு அந்த 48 மணி நேரம் நன்றாகவே பொருந்துகிறது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐக்கிய நாடுகள் அவையின் இஸ்தான்புல் நெறிமுறை, உடலில் அடையாளம் இல்லாமையைச் சித்திரவதை நிகழவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்துகிறது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை என்பது தனிக்கதை. ஆக, சட்டம் தழும்பைக் கேட்காதபோதும், நடைமுறை அதைக் கேட்கிறது. நடைமுறையின் கண்ணோ மாநிறத் தோலுக்குப் பழக்கப்படுத்தப்படாதது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணவாழ்வு கண்ட பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். அவர்களில் மருத்துவமனைக் கதவைத் தட்டத் துணிந்தவர் எத்தனை பேராயினும், அந்தக் கதவுக்குள் அவர்களுக்குக் கிடைக்கும் வரி எதுவென்பது முக்கியமாகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அனுபவம் மிக்க இந்திய மருத்துவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்தவைதாமே. நாள்தோறும் மாநிறத் தோலைப் பார்ப்பவர்களுக்குப் பாடம் எதற்கு? உண்மைதான். தோல்நோய் வல்லுநர்கள் பலர் இதில் தேர்ந்தவர்கள். ஆனால், விபத்துப் பதிவேட்டில் எழுதுபவர் பெரும்பாலும் வல்லுநர் அல்லர். பணியில் சேர்ந்து சில மாதங்களேயான இளம் மருத்துவர். முதலுதவி செய்பவர் ஆசிரியராகவோ, செவிலியராகவோ, ஆஷா பணியாளராகவோ, ஆலை மேற்பார்வையாளராகவோ இருப்பார். அனுபவத்தால் மட்டுமே கிடைக்கும் அறிவு, அனுபவம் வரும்வரை பிறர் உடலில் பிழைசெய்தே சேர்கிறது. கற்பிக்கத்தக்க ஒன்றை அனுபவத்தின் பொறுப்பில் விடுவது கல்விக்கு அழகாகாது. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதைத் தொகுத்து, தம் ஆசிரியர்கள் இருவருடன் 2020-இல் ஒரு கையேடு வெளியிட்டார். பழுப்புத் தோல் சிறுபான்மையாக உள்ள நாட்டில் எழுந்த முயற்சி அது. அது பெரும்பான்மையாக உள்ள நாட்டில் முதலுதவி வகுப்புகள் இன்னமும் ‘சிவந்திருக்கிறதா பார்’ என்றே தொடங்குகின்றன.

தன் மக்களின் தோலை அடிப்படையாகக் கொண்டு கற்பிக்க இந்தியாவுக்குத் தெரியாது என்பதில்லை. தொழுநோய் ஒழிப்பு அதற்கு நிகரற்ற சான்று. வெளிர்தோலில் தொழுநோய்த் திட்டு சிவந்தோ செம்பு நிறத்திலோ தோன்றும். கருந்தோலில் சுற்றியுள்ள நிறத்தைவிட வெளுத்துத் தோன்றும். இந்தியத் திட்டம் இரண்டாவதை முன்னிறுத்தியது. ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்ற இரண்டே சொற்கள் ஊர்ச்சுவர்களில் எழுதப்பட்டன. பஞ்சாலோ எழுதுகோல் நுனியாலோ தொட்டு, உணர்வு தெரிகிறதா என்று கேட்கக் களப்பணியாளர்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. அந்த அடையாளத்தின் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும்: நிறத்தை அவரவர் தோலோடே ஒப்பிடுகிறது, கண்ணோடு நில்லாமல் தொடுகையைச் சேர்த்துக்கொள்கிறது, நோயாளியின் பதிலைச் சான்றாக ஏற்கிறது. கூட்டுமருந்துச் சிகிச்சையும் இத்தகைய கண்டறிதலும் இணைந்து, 2005 டிசம்பரில் நோயின் பரவல் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழ் வந்தது. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியர் என்பதால் பணி முடிந்துவிடவில்லை. ஆயினும் கற்பித்த முறை சரியானது. ரத்தக்கட்டுக்குத் தேவையானதும் அதே முறைதான்.

அவ்வாறு ஒரு பாடம் எழுதப்படுமானால், குறைந்த அளவு பின்வருவன அதில் இடம்பெற வேண்டும்.

1. அடிபட்டவர் காட்டும் இடத்தை நல்ல பகல் வெளிச்சத்திலோ சாய்வான விளக்கொளியிலோ பார்த்து, உடலின் மறுபக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிடுதல். சிவப்பைத் தேடாமல், சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட எந்த அடர்வையும் தேடுதல்.

2. புறங்கையால் வெப்பத்தையும், விரல்நுனியால் இறுக்கத்தையும் வீக்கத்தையும் அறிதல். வீக்கத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுதல். அழுத்தும்போது வலிக்கும் எல்லையை உடல் வரைபடத்தில் குறித்தல்.

3. ‘காயம் இல்லை’ என்று எழுதாமல், கண்டதையும் காணாததையும் பிரித்து எழுதுதல்: ‘இடது தொடையில் நிறமாற்றம் தெரியவில்லை, இத்தனை சென்டிமீட்டர் பரப்பில் தொடுவலியும் இறுக்கமும் உள்ளன.’ தோலின் நிறத்தால் நிறமாற்றத்தை அறிய இயலாதிருந்தால் அதையும் எழுதுதல். நிறத்தை வைத்து நாள் கணிக்காதிருத்தல்.

4. 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி, அதைப் பதிவேட்டிலேயே குறித்தல். ஒப்புதல் பெற்று, அளவுகோலும் நிற அட்டையும் அருகில் வைத்துப் படம் எடுத்தல்.

5. முதலுதவியில், முதல் இரண்டு நாட்கள் சுடு ஒத்தடத்தையும் உருவி விடுதலையும் தவிர்த்தல். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து முதல் இருபது நிமிடம் வைக்கலாம். அது வலியைத் தணிக்கும், குணத்தை விரைவுபடுத்தும் என்பதற்கு வலுவான சான்றில்லை. மிதமான கட்டு, உறுப்பை உயர்த்தி வைத்தல், ஓய்வு ஆகியவை போதும்.

6. காலோ கையோ கல்போல் இறுகி, காயத்தின் அளவுக்கு மீறிய வலியும், விரல்களை நீட்டினால் கூடும் வலியும், மரத்துப்போதலும் இருந்தால் தாமதமின்றி அறுவை மருத்துவரிடம் அனுப்புதல். ‘வெளிறிப்போதல்’ என்ற குறியைக் கருந்தோலில் நம்பியிருக்கலாகாது. நகக்கண்ணிலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும்.

இதே அணுகுமுறை வேறு இடங்களிலும் பயன்படும். படுத்த படுக்கையாக இருப்போரின் அழுத்தப் புண்ணின் முதல் நிலை, ‘அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு’ என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. கருந்தோலில் அந்நிலை தப்பிப்போய், தோல் உடைந்த பின்னரே புண் கண்ணில் படுகிறது. தீக்காயத்தின் ஆழத்தை அழுத்தி வெளுப்பதைப் பார்த்துக் கணிப்பதும் அவ்வாறே தடுமாறுகிறது. தீக்காயத்தைப் பொறுத்தவரை ஆழம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை: பற்பசையும் மையும் மாவும் தடவாமல், ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுவது எந்த நிறத்துக்கும் பொருந்தும்.

கருவிகள் வந்து இக்குறையைத் தீர்த்துவிடும் என்று காத்திருப்போரும் உள்ளனர். 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மஞ்சள் வடிகண்ணாடி வழியே பார்த்தால், வெவ்வேறு தோல் நிறத்தாரிடமும் வெள்ளொளியைவிட அதிகமான ரத்தக்கட்டுகள் தென்படுகின்றன என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஹீமோகுளோபின் அந்த ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதே காரணம். நம்பிக்கையூட்டும் வழிதான். ஆனால் மச்சம், பூச்சுமருந்து போன்றவையும் அவ்வொளியில் கறுத்துத் தெரியும் என்பதால், அது தனியே சான்றாகாது; தொட்டறிந்ததையும் கேட்டறிந்ததையும் உறுதிப்படுத்தும் துணையாகவே நிற்கும். மேலும், அத்தகைய விளக்கு வட்டார மருத்துவமனைக்கு வரும் நாள் எதுவோ, விரல்நுனி இன்றே அங்கு இருக்கிறது.

2019 முதல் நடைமுறையிலுள்ள திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், காயமுற்றவரைப் பரிசோதித்துச் சட்ட மருத்துவ அறிக்கை எழுதும் திறனை ஒவ்வொரு மாணவரிடமும் எதிர்பார்க்கிறது. எனவே புதிய பாடவேளை எதுவும் தேவையில்லை. இருக்கும் பாடவேளையில், காஷ்மீரம் முதல் குமரி வரையிலான தோல் நிறங்களில் எடுக்கப்பட்ட படங்களும், பொய்க் காய அட்டவணைக்குப் பக்கத்தில் ஊமைக்காய அட்டவணையும் இடம்பெற்றால் போதும். முதுநிலை ஆய்வு மாணவர்களுக்கு இங்கே கைநிறைய வேலை இருக்கிறது: இந்தியத் தோல் நிறங்களில் ரத்தக்கட்டின் போக்கை நாள்தோறும் படமெடுத்துத் தொகுப்பதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை. செவிலியர் கல்லூரிகளும், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும், காவலர் பயிற்சிப் பள்ளிகளும் அத்தொகுப்பைத் தத்தம் மொழியில் எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரையிலும் ஒரு மாற்றத்தை எந்த ஆணையும் இன்றி எவரும் தொடங்கலாம். பதிவேட்டில் ‘வெளிக்காயம் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதப் பேனா எடுக்கும் இளம் மருத்துவர், அதற்குமுன் அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்து, ‘இங்கே வலிக்கிறதா?’ என்று கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்து எழுதலாம்.